காலத்துக்கு முந்தியவர் என்று இனிச் சொல்ல மாட்டேன்

டென்மார்க்கின் இசையமைப்பாளர் ரூஎத் லாங்கோரைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த கதை ஒன்றுதான். 1968. ஒரு நடுவர் குழு. புதிய இசைப் படைப்புகளின் சுவடிகள் மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. குழுவில் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜ்யோர்ஜ் லிகெட்டி இருக்கிறார். டேனிஷ் இசையமைப்பாளர் பேர் நோர்கோரும் இருக்கிறார். நோர்கோர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அந்த அடுக்கின் நடுவே ஒரு பழைய சுவடியைச் செருகிவிடுகிறார். லிகெட்டி அதை எடுத்துப் புரட்டுகிறார். வயலின்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து, மெட்டு என்று எதுவும் நகராமல், ஒரே ஒலித்திரள் மேகம்போல் மிதந்து நிற்கும் எழுத்து. உலகம் அப்போது லிகெட்டியின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடிக்கொண்டிருந்த அதே முறை. எழுதப்பட்ட ஆண்டு 1916 முதல் 1918 வரை. லிகெட்டி பிறந்ததே 1923இல். அவர் நிமிர்ந்து, தான் ஒரு லாங்கோர் சீடன் என்பது இத்தனை நாள் தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்ற பொருளில் வியந்து சொன்னார் என்பார்கள்.

இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். கேட்பவர் முகத்தில் வியப்பு பரவும் வரை காத்திருப்பேன். பிறகு ‘கோளங்களின் இசை’ என்ற அந்தப் படைப்பைப் போட்டுக் காட்டுவேன். முப்பத்தைந்து நிமிடம். முடிந்ததும், “காலத்துக்கு முந்தியவர்” என்று நானே சொல்வேன். அல்லது கேட்டவர் சொல்வார். இருவருக்கும் நிறைவாக இருக்கும்.

அந்த நிறைவை ஒரு பெரியவர் கலைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பன் வீட்டில் இதே கதையைச் சொல்லி, இதே இசையைப் போட்டேன். நண்பனின் பெரியப்பா ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். இசை ஓடிய நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். முடிந்ததும் கண்ணைத் திறந்து, “இவர் எப்போது இறந்தார், தம்பி?” என்று கேட்டார். 1952 என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “முப்பத்து நாலு வருஷம் இருக்கிறதே. இதற்குப் பிறகு என்ன எழுதினார்?”

பதினாறு சிம்பொனி எழுதினார் என்றேன். எண்ணிக்கையைக் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தார். அந்தப் பதினாறில் நான் ஒழுங்காகக் கேட்டிருந்தவை நான்கோ ஐந்தோதான். அவையும் முற்பகுதியில் எழுதியவை. பிற்காலத்தில் அவர் பழைய பாணிக்குத் திரும்பிவிட்டார், அவை அவ்வளவு முக்கியமில்லை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். “முக்கியமில்லை என்று அவர் சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா?” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். எனக்குப் பதில் இல்லை.

பளிங்குத் தேவாலயத்துப் பையன்

முதலில் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘லாங்கார்ட்’ என்று வரும். டேனிஷ் மொழியில் இரட்டை ‘அ’ ஓகார ஒலி பெறும். கடைசி எழுத்து வாயிலேயே நின்றுவிடும். அதனால் லாங்கோர்.

1893 ஜூலை 28ஆம் தேதி கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை ஸீக்ஃப்ரீட் லாங்கோர், ஜெர்மனியின் வைமாருக்குப் போய் பியானோ மேதை ஃப்ரான்ஸ் லிஸ்டிடம் பயின்ற பியானோ கலைஞர். தாய் எம்மாவும் பியானோ கலைஞர். அந்த வீட்டில் இசை என்பது தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் மேற்பட்ட ஒன்று. பிரம்மஞானச் சிந்தனையில் தோய்ந்திருந்த தந்தை, இசை மனிதனைத் தெய்வீகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் சக்தி என்று உறுதியாக நம்பினார். அதைப் பற்றி ஓயாமல் எழுதினார். மகன் அந்த நம்பிக்கையைத் தாய்ப்பாலோடு குடித்தவர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: அவர் வாழ்க்கையில் நடை பலமுறை மாறியது, அதிர்ஷ்டம் மாறியது, ஊர் மாறியது, இந்த ஒன்று மாறவில்லை.

1905இல், பதினோரு வயதில், கோபன்ஹேகன் நகர நடுவே உயர்ந்த குவிமாடத்தோடு நிற்கும் பளிங்குத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து அரங்கேறினார். கேட்க வந்தவர்களில் நார்வேயின் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கும் ஒருவர். பதினான்கு வயதில் குழுப்பாடகர்களுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய பெரிய படைப்பு ஒன்று கோபன்ஹேகனில் மேடையேறியது. விமர்சகர்கள் முகம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு, 1908இல், முதல் சிம்பொனியைத் தொடங்கினார். ஸ்வீடனின் குல்லாபெர்க் பாறைக்கரையில் கழித்த கோடைகாலங்கள் அதில் இருக்கின்றன. ‘அலைகளும் சூரியக் கீற்றும்’ என்று தொடங்கி, மலைப்பூக்களைத் தாண்டி, மலையேறி, ‘வாழும் துணிவு’ என்று முடியும் ஐந்து பகுதிகள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதை டென்மார்க் கேட்கவில்லை. 1913 ஏப்ரல் 10 அன்று பெர்லினில், மாக்ஸ் ஃபீட்லர் நடத்த, பெர்லின் பில்ஹார்மோனிக் வாசித்தது. எழுதியவருக்கு வயது பத்தொன்பது. இன்றும் அந்தக் குழுவின் வாசலில் கால்கடுக்க நிற்கும் இசையமைப்பாளர்கள் உண்டு.

அந்த இரவோடு வாழ்க்கை ஏறுமுகமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அடுத்த ஆண்டு தந்தை இறந்தார், ஐரோப்பா போருக்குள் விழுந்தது, ஜெர்மனியில் திறந்த கதவு சாத்திக்கொண்டது. இவை போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சவப்பெட்டிமேல் சூரியன்

‘கோளங்களின் இசை’யை நான் இப்போதும் நேசிக்கிறேன். பெரியவரின் கேள்வி அந்த நேசத்தைக் குறைக்கவில்லை. அதைச் சரியாகக் கேட்க வைத்தது. பதினைந்து பகுதிகள். முதல் பகுதியின் தலைப்பு ‘பூக்கள் சூடிய சவப்பெட்டிமேல் விழும் சூரியக் கதிர்கள்போல்’. வயலின்கள் தம் உச்சத்தில், கண்ணாடித் தூள்போல் மினுங்கிக்கொண்டு நிற்கும். அடியில் எங்கோ முரசு மெல்ல உறுமும். அடுத்து ஓர் அந்திவானில் விண்மீன்கள், ஒரு பனித்துளியில் காலைச் சூரியன், பிறகு ‘நான் விரும்புகிறேன்’ என்ற ஒரே வாக்கியம் தலைப்பாக நிற்கும் பகுதி, ‘பூக்கள் வாடுகின்றன’ என்று ஒன்று, ‘கண்ணீரினூடே சூரியன்’ என்று ஒன்று. மேடையில் பெரிய இசைக்குழு, குழுப்பாடகர்கள், ஆர்கன். தொலைவில் மறைவாக இன்னொரு சிறு இசைக்குழு, அதோடு ஒரு பெண்குரல். பியானோ கலைஞர் கட்டைகளை விட்டுவிட்டு, மூடி திறந்த பியானோவுக்குள் கைவிட்டு நரம்புகளை நேரே தடவுவார். வீணைத் தந்திகளை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை காற்று வருடிப் போனதுபோல் ஓர் ஒலி எழும். அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்குள் மறைந்துவிடும். கடைசிப் பகுதிக்கு ‘முடிவு: அந்திக்கிறிஸ்து – கிறிஸ்து’ என்று பெயர்.

1921இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் முதல் அரங்கேற்றம், 1922இல் பெர்லினில் இன்னொன்று. பிறகு லாங்கோரின் வாழ்நாளில் அதை எவரும் வாசிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் அது பேழைக்குள் கிடந்தது. 2010இல் லண்டனின் ‘ப்ராம்ஸ்’ (Proms) கோடை இசைவிழாவில் லிகெட்டியின் படைப்புகளோடு சேர்த்து ஒரே மாலையில் அதை வாசித்தார்கள். அந்தச் சேர்க்கை தற்செயலானது இல்லை என்பது தெரிந்ததே. லாங்கோரின் பெயர் வரும் இடமெல்லாம் லிகெட்டி துணைக்கு வருகிறார், அடையாள அட்டையில் கையெழுத்திடும் அதிகாரியைப் போல.

இங்கேதான் என் உறுத்தல் தொடங்கியது. 1968இல் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அந்தச் சுவடியில் தங்களைக் கண்டார்கள். ஒலித்திரள், பியானோ நரம்பு, தொலைவில் இருக்கும் குழு: எல்லாம் அவர்கள் காலத்துப் பரிசோதனைகள். அதை எழுதிய இளைஞனுக்கு அது பரிசோதனை என்ற நினைப்பே இருந்திருக்க முடியாது. அவர் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். சவப்பெட்டி, பனித்துளி, அவனி அழிவு, மணியோசை, வருகிறவர். விண்ணுலகத்தின் வாசலில் என்ன ஒலி கேட்குமோ அதை எழுத முயன்றிருக்கிறார். மெட்டு அங்கே தேவைப்படவில்லை, அதனால் மெட்டு இல்லை. அந்தப் பக்தியை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, அது விட்டுச்சென்ற உத்தியை மட்டும் நாம் மெச்சுகிறோம். கோயிலுக்குப் போனவன் கோபுரத்தின் சுண்ணாம்புக் கலவையை மட்டும் புகழ்ந்துவிட்டு வந்ததுபோல்.

‘காலத்துக்கு முந்தியவர்’ என்ற புகழில் இன்னொரு குறையும் உண்டு. யாருடைய காலத்துக்கு முந்தியவர்? பின்னால் வந்தவர்கள் நின்ற இடத்தைக் குறியாக வைத்து, அந்தத் திசையில் ஓடியவரைத்தான் முந்தியவர் என்கிறோம். அந்த மனிதர் ஒரு கட்டத்தில் திரும்பி வேறு பக்கம் நடந்துவிட்டால்? லாங்கோர் நடந்தார்.

திரும்பி நடந்தது

1925ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நவீன எழுத்தைக் கைவிட்டார். அதற்கு முன் அவர் செய்யாத துணிச்சல் இல்லை. 1917இல் ‘இன்செக்டாரியம்’ என்று பியானோவுக்கு ஒன்பது துணுக்குகள் எழுதினார். வீட்டு ஈ, கொசு, தும்பி, மரவட்டை என்று ஒவ்வொன்றும் ஒரு பூச்சி. பழைய வீட்டு மரச்சட்டங்களுக்குள் இருந்துகொண்டு டக்டக் என்று தட்டும் ஒரு வண்டு உண்டு. சாவு நெருங்குவதன் அறிகுறி என்று ஐரோப்பாவில் பயப்படுவார்கள். அதற்காகப் பியானோ கலைஞர் பியானோவின் மரத்தையே தட்ட வேண்டும். ஆறாவது சிம்பொனிக்கு ‘வானைப் பிளப்பது’ என்று பெயர். அந்தப் பெயருக்கு நியாயம் செய்யும் இசை. ‘அந்திக்கிறிஸ்து’ என்ற ஓபெராவை எழுதி, திருத்தி, மறுபடி எழுதி அரச அரங்கத்திடம் கொடுத்தார். ஏற்கவில்லை. அது முதன்முதலாக மேடையில் நடிக்கப்பட்டது 1999இல், அதுவும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில்.

இவ்வளவும் செய்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான நீல்ஸ் கேடவையும் வாக்னரையும் வழிகாட்டிகளாக வரித்துக்கொண்டு, தாத்தாக்கள் எழுதியதுபோல் எழுதத் தொடங்கினார். தோல்வியால் மனம் உடைந்து பின்வாங்கினார் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. புதிய இசை தெய்வத்தை விட்டு விலகி வெறும் கைவேலையாகிவிட்டது என்று அவர் கருதினார். பழைய மொழியில் அந்த ஒளி இன்னும் மிச்சமிருக்கிறது என்றும் கருதினார். சவப்பெட்டிமேல் சூரியனை எழுத வைத்த அதே நம்பிக்கைதான் கேடவிடமும் கொண்டுபோய் விட்டது. அந்தக் கருத்து எனக்கு உடன்பாடானது இல்லை. ஆனால் அது அவர் எடுத்த முடிவு. அதை நோய் என்றும் வீழ்ச்சி என்றும் எழுதிவிட்டு, நமக்குப் பிடித்த முப்பத்தைந்து நிமிடத்தை மட்டும் மேதைமை என்று எடுத்துக்கொள்வது நேர்மையாக இல்லை.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பெரியவரின் கேள்விக்குப் பிறகு பதினாறு சிம்பொனிகளையும் வரிசையாகக் கேட்டேன், சிலவற்றைப் பலமுறை. டேனிஷ் தேசிய சிம்பொனி இசைக்குழு தாமஸ் தௌஸ்கோர் தலைமையில் செய்த பதிவுகள் அதற்குக் கைகொடுத்தன. நடுவில் வருபவற்றில் சில எனக்கு ஒட்டவே இல்லை. விறைப்பாக, மடிப்புக் கலையாத சட்டையைப்போல் நிற்கின்றன. எங்கே கைதட்ட வேண்டும் என்று அவையே சொல்லிவிடுகின்றன. அதைக் கேட்டபோது என் பழைய கருத்தே சரி என்று ஓரிரு நாள் இருந்தேன். பிறகு ரீபெக்கு வந்தேன்.

ரீபெ

முப்பது வயதில் அரசு உதவித்தொகை ஒன்று கிடைத்தது. மற்றபடி அவர் விண்ணப்பித்த வேலைகள் எல்லாம் கைநழுவின. 1927இல் கான்ஸ்டன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். தலைநகரின் தேவாலயங்கள் ஒன்றுக்கும் அவர் வேண்டியிருக்கவில்லை. நிரந்தர வேலை என்று ஒன்று கிடைத்தபோது வயது நாற்பத்தாறு. 1940, டென்மார்க்கை ஜெர்மன் படை பிடித்த ஆண்டு. யூட்லாந்தின் தென்மேற்கில், நாட்டின் மிகப் பழைய ஊரான ரீபெயின் பேராலயத்தில் ஆர்கன் கலைஞர். கடல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று பயந்து வாழ்ந்த தாழ்நிலத்து ஊர் அது. 1634 வெள்ளத்தில் தண்ணீர் எட்டிய உயரத்தை இன்றும் பேராலயத்துத் தூணில் குறித்து வைத்திருக்கிறார்கள். கோபன்ஹேகனில் பிறந்து பெர்லினில் வெளிச்சம் பார்த்தவருக்கு அது நாடுகடத்தல்போல் இருந்திருக்கும். சாகும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். ஒன்பதாவது தொடங்கிப் பதினாறாவது வரை உள்ள சிம்பொனிகள் அங்கேதான் வடிவம் பெற்றன.

அவற்றில் ஏதோ ஒன்று உடைகிறது. பதினோராவது ஆறு நிமிடம். எரியும் சக்கரத்தில் கட்டப்பட்டு நிற்காமல் சுழலும் கிரேக்க மன்னன் இக்சியோனின் பெயர் அதற்கு. ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும், இறுதியில் நான்கு தூபாக்கள் (கனத்த பித்தளை ஊதுகருவிகள்) கூடுதலாக வந்து சேர்ந்துகொள்ளும். பன்னிரண்டாவது ஏழு நிமிடம். இதைத்தான் நான் அதிகமுறை கேட்டேன். பத்தொன்பது வயதில் பெர்லினில் ஒலித்த அந்த ஒரு மணி நேரச் சிம்பொனியின் சாற்றைப் பிழிந்து ஏழு நிமிடத்துக்குள் அடைத்திருக்கிறார். பாறைக்கரை, அலை, ஏற்றம் எல்லாம் மூச்சிரைக்க ஓடுகின்றன. முடியும் இடத்தில், வேகத்தையும் உணர்வையும் குறிக்கும் சொல் எழுத வேண்டிய இடத்தில், “வெறி! ஓர் இசையமைப்பாளர் வெடிக்கிறார்” என்று எழுதியிருக்கிறார். 1946. கேட்க எவரும் இல்லை என்று தெரிந்த ஒருவர் தன் சுவடியில் எழுதிய வரி அது.

நம், எங்கள்

அவரைப் பற்றிச் சிரிப்பதற்காகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 1948இல் ‘கார்ல் நீல்சன், நம் மாபெரும் இசையமைப்பாளர்’ என்ற ஒரு படைப்பு. குழுப்பாடகர்களும் இசைக்குழுவும். பாடல் வரி என்பதே அந்தத் தலைப்பு மட்டும்தான். மேற்கத்தியக் குறிப்பில் முப்பத்திரண்டு ‘பார்’ (தாள அளவு) நீளம். முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். முடிவற்ற காலத்துக்கும் இப்படித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று குறிப்பு. நீல்சன் இறந்தது 1931இல். இறந்த பிறகு அவர் இன்னும் வளர்ந்தார். டேனிஷ் இசை என்றால் நீல்சன் என்றே ஆனது. அந்த நிழலில் வெயில் படாமல் வாடியவர்களில் லாங்கோர் முதல் ஆள். எனவே இது வஞ்சப்புகழ்ச்சி என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை.

எனக்கும் இருக்கவில்லை. ஒருநாள் நீண்ட பஸ் பயணத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டேன். முதல் நான்கைந்து சுற்று சிரிப்பு வந்தது. குரல்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு முழங்குகின்றன, எக்காளம் அதற்கு மேல். பத்தாவது சுற்றுக்குப் பிறகு எரிச்சல். அதற்கும் பிறகு, வெளியே இருட்டிவிட்டிருந்தது, நீல்சனின் பெயர் ஒலியாக மட்டும் தேய்ந்துபோய், நடுவில் நிற்கும் ‘வோர்’ என்ற சிறு சொல் மட்டும் காதில் தங்கத் தொடங்கியது. டேனிஷில் அதற்கு ‘நம்’ என்றும் பொருள், ‘எங்கள்’ என்றும் பொருள். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் எழுதும்போது நான் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘எங்கள் மாபெரும் இசையமைப்பாளர்’ என்றால் நாடு பாடுகிறது, லாங்கோர் வெளியே நின்று கேட்கிறார். ‘நம்’ என்றால் அவரும் உள்ளே நின்று பாடுகிறார். மேலே தலைப்பில் ‘நம்’ என்று எழுதிவிட்டேன். மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அப்படி விட்டேன். உள்ளே அழைக்கப்படாதவன் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களின் பாட்டை, அவர்களைவிடச் சத்தமாக, அவர்கள் நிறுத்திய பிறகும் நிறுத்தாமல் பாடுகிறான். அதில் கேலி இருக்கிறது. கேலி மட்டும் இருக்கிறது என்று அந்தப் பயணத்துக்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

அதே 1948இல் ‘ரெஸ் அப்சுர்டா’ என்று இன்னொன்று எழுதினார். அபத்தம் என்று லத்தீனில் திரும்பத் திரும்பக் கத்தும் இசை. அதே ஆண்டில்தான் பதினான்காவது சிம்பொனியையும் முடித்திருக்கிறார். இது எனக்கு எவரும் சொல்லாத செய்தி. கசப்பின் உச்சம் என்று சொல்லப்படும் ஆண்டில் அவர் முடித்த சிம்பொனியின் பெயர் ‘காலை’.

ஏழு பகுதிகள். ஒரு சாதாரண நகரத்துக் காலைப்பொழுது. களைத்தவர்கள் வாழ்க்கைக்கு எழுந்திருக்கிறார்கள். வானொலியில் இத்தாலிய ஓபெராப் பாடகர் கரூஸோ பாட, வராத உற்சாகத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். அப்பாக்கள் அலுவலகத்துக்கு விரைகிறார்கள். கடைசியில் சூரியனும் பீச் மரக்காடும். இவை நான் கற்பனை செய்தவை அல்ல, பகுதிகளின் தலைப்புகளே இவைதான். தேவதூதர்களையும் உலக அழிவையும் எழுதியவர், ஐம்பத்தைந்து வயதில், அலுவலகத்துக்கு ஓடும் அப்பாக்களை எழுதியிருக்கிறார். இசை பழைய பாணிதான், 1880இல் எழுதியது என்று சொன்னாலும் நம்பலாம். இரண்டாவது பகுதி நரம்பிசைக் கருவிகளுக்கு மட்டும். ‘கவனிக்கப்படாத விடிவெள்ளிகள்’ என்று பெயர். மெதுவாக, குரலை உயர்த்தாமல் போகும் இசை. எவரும் எழுந்திராத நேரத்தில் வானத்தில் இருந்துவிட்டு, எழுந்திருக்கும் நேரத்தில் மங்கிப்போகிறவற்றைப் பற்றிய இசை. அதில் தன்னிரக்கம் ஒரு துளியும் இல்லை. ‘கோளங்களின் இசை’யில் விண்மீனின் மினுங்கலை எழுதிய அதே கைதான். மினுங்கலை விட்டுவிட்டு, விண்மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பவனின் அமைதியை எழுதியிருக்கிறது. முதல்முறை கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

1952 ஜூலை 10 அன்று ரீபெயில் இறந்தார். ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. கையெழுத்துச் சுவடிகளைக் கான்ஸ்டன்ஸ் காத்து வைத்தார். இன்று அவை கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கின்றன. பெண்ட் வீன்ஹோல்ட் நீல்சன் பல ஆண்டுகள் உழைத்து, நானூறுக்கு மேற்பட்ட படைப்புகளை இனங்கண்டு வரிசைப்படுத்தி 1991இல் அட்டவணை வெளியிட்டார். ரீபெயில் 2010 முதல் லாங்கோர் பெயரில் இசைவிழா நடக்கிறது. முதல் சிம்பொனியை, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, பெர்லின் பில்ஹார்மோனிக் சகாரி ஒராமோவோடு மறுபடி எடுத்து வாசித்துப் பதிவும் செய்திருக்கிறது.

சில மாதங்கள் கழித்து நண்பன் வீட்டுக்குப் போனேன். பெரியவர் அதே நாற்காலியில் இருந்தார். இந்த முறை லிகெட்டியைச் சொல்லவில்லை, 1968ஐச் சொல்லவில்லை. “ஐயா, அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்குப் பிறகு என்ன எழுதினார் என்று” என்று மட்டும் சொல்லி, பதினான்காவதின் இரண்டாம் பகுதியைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். வலக்கை மட்டும் முழங்கால்மேல் மெல்ல அசைந்தது. சுண்டுவிரல் மேல்வரியைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் குக்கர் விசிலடித்தது, அவர் கவனிக்கவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் வாசித்த காலத்தில் ஆராதனை முடிந்து சபை கலையும்போது கடைசியாக ஒன்று வாசிப்பது வழக்கம் என்றார். ஆட்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டும் இருப்பார்கள், கோயில்பிள்ளை ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருப்பார். நாற்பது ஆண்டும் அந்தக் கடைசி வாசிப்பைத்தான் வாரம் முழுக்கப் பழகுவேன் என்றார்.

“இதற்குப் பிறகு என்ன வருகிறது?” என்று கேட்டார்.

அடுத்த பகுதியின் பெயர் ‘பளிங்குத் தேவாலயத்தில் மணி அடிக்கிறது’. பதினோரு வயதில் அவர் வாசித்தாரே, அந்தத் தேவாலயம். போட்டேன்.